கணவன் கையெழுத்தும் மனைவியின் காணியும்: தேசவழமை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்துத் திசாவையாகக் கடமையாற்றிய கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்தர், தேசாதிபதி சைமன்ஸின் பணிப்பின்பேரில், இந்நாட்டுத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டில் ஒப்படைத்தார். யான் பிரூஸ் என்பவர் அத்தொகுப்பைத் தமிழாக்க, பன்னிரண்டு முதலியார்மார் படித்துப் பார்த்து, நாட்டு வழக்கம் இதுவே என்று ஒப்புக்கொண்டனர். பன்னிருவரும் ஆண்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தேசவழமை என்று நாம் வழங்கும் அத்தொகுப்பை இன்று சட்டம் பயில்வோரன்றி வேறெவரும் புரட்டிப் பார்ப்பது அரிது. ஆயினும், ஆண் இல்லாத வீட்டின் பொருளுக்கு யார் பொறுப்பு என்ற வினா நம் மண்ணில் எழுத்தில் விடை கண்ட இடம் அது. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று இக்காலத்து அறிக்கைகள் கூறுவதை ஆராயப் புகுவோர் அங்கிருந்து தொடங்குவதே முறை.

சிறு பிள்ளைகளை விட்டுத் தகப்பன் இறந்தால் சொத்து முழுவதும் தாயின் கையில் இருக்கும். பெண்மக்களை மணம்செய்து கொடுக்கும்போது அவள் அதிலிருந்து சீதனம் கொடுக்க வேண்டும். ஆண்மக்கள் தாய் உயிரோடு இருக்குமளவும் எதையும் கேட்கலாகாது என்பது அதன் விதி. வளர்ந்த மகனும் தாயிடம் பங்கு கேட்க முடியாது என்பது சாதாரணமான செய்தியன்று.

கவிஞர்கள் இதனைச் சற்று நின்று நோக்க வேண்டும் என விரும்புகிறேன். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூற்றுப் பாட்டு (246) தொடங்கி, கைம்பெண்ணின் உணவையும் படுக்கையையும் நம் இலக்கியம் நன்கறியும். அவளது துயரைப் பாடாத தலைமுறை இல்லை. அவளது காணியைப் பற்றி, அதனை யார் குத்தகைக்குக் கொடுப்பது, யார் ஒற்றி வைப்பது என்பவற்றைப் பற்றி நம் கவிதை வாய் திறந்தது மிகக் குறைவு. அதனைப் பேசியது ஓர் ஒல்லாந்த உத்தியோகத்தரின் வறண்ட உரைநடைதான்.

எனினும் அதே தொகுப்பில் மற்றொரு விதியும் உண்டு. கணவன் தன் முதுசத்தில் ஒரு பகுதியை மனைவியின் சம்மதமின்றியே பிறருக்கு நன்கொடையாக ஈயலாம். மனைவியோ கணவனின் சித்தத்துக்கு உட்பட்டவள் ஆதலால், அவன் சம்மதமின்றி எதையும் ஈயலாகாது. முதுசம் அவன் வழிவந்த சொத்து; சீதனம் அவள் கொண்டுவந்தது; மணவாழ்க்கையில் ஈட்டியது தேடியதேட்டம். சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் ஏனைய சொத்தில் பங்கு கேட்பதில்லை. ஆகவே அவளது வாழ்நாள் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு சீதன உறுதியில் தங்கியிருந்தது. அந்த உறுதியைக் கையாளும் உரிமையோ, கணவன் இறந்தபின் அவளுக்கு இருந்தது. அவன் வாழும்போது இருக்கவில்லை.

பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் தேசவழமைக்குச் சட்ட வலுக் கொடுத்தனர். நூறாண்டு கழித்து வந்த 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் மணமான பெண்ணின் சொத்தை அவளது தனிச்சொத்து என்று ஏற்றது. இதனை ஒரு முன்னேற்றம் என்றே கொள்ள வேண்டும். ஆனால் பழைய விதி புதிய உடையில் உடன்வந்தது. அசையும் பொருளை அவள் தன்னிச்சையாக விற்கலாம். காணியையோ வீட்டையோ விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தாலிக்கொடியை அவளே விற்கலாம், தாய் எழுதிக்கொடுத்த பனங்காணியை விற்க அவன் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

சட்டத்தை ஆக்கியோர் விதிவிலக்கை எண்ணாமல் இல்லை. கணவன் அவளைக் கைவிட்டுப் போயிருந்தால், சித்தம் பேதலித்திருந்தால், நீண்டகாலம் சிறையில் இருந்தால், அவன் இருக்கும் இடம் தெரியாதிருந்தால், அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடி, அவன் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். ‘இருக்கும் இடம் தெரியாதவன்’ என்று 1911 இல் எழுதியவர்கள், கடல்கடந்து போய்க் கடிதம் போடாத ஒருவனை மனத்திற் கொண்டிருக்கக் கூடும். ஒரு காலத்தில் ஊர்தோறும் அப்படிப்பட்டவர்கள் பலராவர் என்று அவர்கள் கனவிலும் கருதியிருக்கமாட்டார்கள்.

1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் நிகழ்ந்தது அதுவே. 2016 ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவின ஆய்வின்படி இலங்கைக் குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று பெண்ணைத் தலைவராகக் கொண்டது. வடக்கில் இவர்களுள் விதவைகளோடு, விதவையா அல்லவா என்று சொல்ல முடியாதவர்களும் இருந்தனர். அந்நிலைக்குத் தமிழில் ஒரு சொல் இல்லை. ‘காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி’ என்று மூன்று சொற்களால் அவளைச் சுட்டுகிறோம். அச்சொற்றொடரிலும் அவன்தான் முதலில் வருகிறான். 1707 ஆம் ஆண்டுத் தொகுப்பு கைம்பெண்ணுக்கு அளித்த அதிகாரம் அவளுக்கு இல்லை, ஏனெனில் கணவன் இறந்ததாக ஆவணமில்லை. மனைவிக்குரிய வழியும் அவளுக்குப் பயன்படவில்லை, ஏனெனில் கையெழுத்திட அவன் இல்லை. நீதிமன்றத்தின் கதவு திறந்தே இருந்தது என்பது உண்மை. ஆயினும் பலமுறை இடம்பெயர்ந்து உறுதிகளையும் இழந்து, கூலிவேலைக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்ப்பவளுக்குச் சட்டத்தரணியும் தவணைகளும் எட்டாத செலவு. தவிரவும், அந்த அனுமதி அவளது சொத்துக்கே உதவும். மணமானபின் கணவன் பெயரில் வாங்கிய காணியில் அவன் பங்கை விடுவிக்க அதனால் முடியாது.

இவ்வளவும் சொந்தக் காணி உள்ளவர்களின் கதை. கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடியேற்றங்களில் பெரும்பாலோருக்குச் சீதன உறுதி என்பதே இல்லை. அவர்கள் கையில் இருந்தது அரச காணிக்கான பேமிற். அதனை ஆண்டது தேசவழமை அன்று. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். காணி துண்டுபடலாகாது என்பது அதன் நோக்கம். ஆகையால் வாரிசு ஒருவரே. பின்னுரித்தாளர் பெயரிடப்படாதவிடத்து, அதன் மூன்றாம் அட்டவணை மகன்மாரை முதலிலும் மகள்மாரை அவர்களுக்குப் பின்னும் நிறுத்தியது. கணவன் இறந்தால் மனைவி ஆயுட்காலம்வரை அனுபவிக்கலாம், மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும். தோட்டத்து மண்வெட்டியைப் பிடித்தவள் யார், மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் இறைத்தவள் யார் என்று அட்டவணை கேட்கவில்லை. 2022 ஆம் ஆண்டுத் திருத்தமே அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. எண்பத்தேழு ஆண்டுகள்! தேசவழமையைப் பழமைவாதம் என்று இகழ்வோர், நவீன அரசு தானே இயற்றிய இச்சட்டத்தையும் அருகில் வைத்துப் படிப்பது நன்று. பழைய வழக்கம் மகளுக்குக் காணி கொடுத்துவிட்டுக் கையைக் கட்டியது; புதிய சட்டமோ அவளைப் பின்வரிசையில் நிறுத்தியது.

2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், போரினால் ஓராண்டுக்கு மேல் காணாமற்போய், இறந்துவிட்டதாக நம்பப்படுபவரின் இறப்பைப் பதிவதற்கு இடமளித்தது. பெண்கள் பலர் அச்சான்றிதழை வாங்க மறுத்தனர். கையளித்த பிள்ளையை, கண்முன் கொண்டுபோகப்பட்ட கணவனை, இறந்தான் என்று தம் வாயால் சொல்ல அவர்கள் இணங்கவில்லை. 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு, இறப்பைக் கூறாத ‘காணக்கிடைக்காமைச் சான்றிதழ்’ வந்தது. அதனைக் கொண்டு சமூக நலன்களுக்கு விண்ணப்பிக்கலாம். காணாமற்போனவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றத்தையும் நாடலாம். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரும் மனைவிமாரும் கேட்டது இவ்விரண்டு தாள்களையும் அன்று, ஆட்களை.

ஆயினும் மகளுக்குச் சீதனம் எழுதும் காலம் எவருக்காகவும் பொறுத்திருப்பதில்லை. இறப்பைப் பதிந்தால் தேடியதேட்டத்தில் பாதி மனைவிக்கு, மறுபாதி அவன் பிள்ளைகளுக்கு; அன்றே உறுதி முடிக்கலாம். பதியாவிட்டால் அவன் பங்கில் ஒரு பரப்பைத்தானும் மகள் பெயரில் எழுத நொத்தாரிசு இணங்கார். 1707 இல் அந்தச் சீதனத்தைத் தன் கையால் கொடுத்த தாய்க்கு இப்படியொரு தெரிவு இருக்கவில்லை. இத்தெரிவுடன் பிரதேச செயலகத்து வாங்கில் காத்திருப்பவள் எந்தப் படிவத்தைக் கேட்கிறாள் என்பது, அவளுக்குப் பின்னால் நிற்கும் மகளின் வயதையும் பொறுத்தது.