எழுவாய் இல்லாத தீ

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வெயில் ஏற ஏற நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் இரண்டு செய்திகள் அடிக்கடி வரும்: மின்கம்பிகள் உரசிக் கரும்பு எரிந்தது, மின்கசிவால் குடிசை சாம்பலானது. கசிந்தது யாருடைய மின்சாரம், உரசியது யாருடைய கம்பி என்று அந்த வாக்கியங்கள் சொல்வதில்லை. இது வெறும் இலக்கணக் குறை அல்ல, இதற்குப் பின்னால் ஒரு நிர்வாக வரலாறு இருக்கிறது. மின்சாரத் தீயில் பொருளை இழந்தவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமையைச் சட்டம் எப்போதோ கொடுத்துவிட்டது. ஆனால் அந்த உரிமை உட்கார வேண்டிய நாற்காலியில் நிவாரணம் என்ற வழக்கம் உட்கார்ந்துகொண்டது.

நிவாரணம் பஞ்ச காலத்தின் பிள்ளை. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாண அரசு பசித்தவர்களுக்கு மண்வெட்டி வேலை கொடுத்துக் கூலி தந்தது. மரக்காணம் வரை நீளும் பக்கிங்காம் கால்வாயின் சென்னை நகரப் பகுதி அப்படி வெட்டப்பட்டதுதான். வானம் பொய்த்ததற்கு யாரையும் பொறுப்பாக்க முடியாது. அதனால் நிவாரணம் வழங்குபவர் 'யாரால்' என்று கேட்பதில்லை, 'எவ்வளவு' என்று மட்டும் கேட்பார். குடிசைத் தீக்கும் இதே முறை ஒட்டிக்கொண்டது. கிராம நிர்வாக அலுவலர் பார்வையிடுவார், தாசில்தார் அரிசி, வேட்டி, சேலையோடு ஒரு சிறு தொகை வழங்குவார். அடுப்புத் தீயானாலும் மின்கம்பித் தீயானாலும் பை ஒன்றுதான். 1957இல் அரசின் மின்வாரியம் அமைந்தபோது, கொடுப்பதும் சர்க்கார், கம்பி இழுத்ததும் சர்க்கார் என்றாகிவிட்டது. கை நீட்டி வாங்கிய பிறகு கேள்வி கேட்பது நன்றிகெட்டத்தனமாகத் தோன்றியிருந்தால் அதில் வியப்பில்லை.

சட்டத்தின் பாதை வேறாக இருந்தது. ஆபத்தான பொருளைத் தன் இடத்தில் சேர்த்து வைப்பவர், அது தப்பி வெளியேறி விளைவிக்கும் கேட்டுக்குப் பொறுப்பு என்று 1868இல் இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் வழக்கு சொன்னது. சென்னை மாகாண வழக்குகளின் கடைசி மேல்முறையீடுகளையும் கேட்ட லண்டன் பிரிவி கவுன்சில், 1920இல் கனடாவின் கியூபெக் மின் நிறுவன வழக்கில் இன்னும் நெருங்கி வந்தது. புயல்காற்றில் கம்பி பாதிக்கப்பட்டு, உயரழுத்த மின்சாரம் தாழ்வழுத்தக் கம்பி வழியே கட்டடத்துக்குள் பாய்ந்து தீப்பிடித்த வழக்கு அது. காற்றின் மேல் பழி போட்ட நிறுவனத்தின் வாதம் எடுபடவில்லை. 1986 டிசம்பரில் டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில் நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, அபாயத் தொழில் நடத்துவோருக்கு விதிவிலக்கே இல்லாத முழுப் பொறுப்பை விதித்தது. 2002இல் மத்தியப் பிரதேச மின்வாரிய வழக்கில், அறுந்து கிடந்த கம்பியால் நேர்ந்த சாவுக்கு வாரியத்தின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை என்று உச்சநீதிமன்றம் தீர்த்தது. பழைய கியூபெக் தீர்ப்பும் அதில் எடுத்துக்காட்டப்பட்டது.

இவ்வளவு இருந்தும் உரிமை வயலுக்கு வந்து சேராததற்குக் காரணம் சான்று. 1956 மின்சார விதிகளின்படி, சாலை அல்லாத இடத்தில் 11,000 வோல்ட் வரையுள்ள வெற்றுக் கம்பி தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டியிருந்தது. கம்பி அதைவிடத் தாழ்ந்திருந்தது என்பதை யார் அளப்பது? தீ அணைந்ததும், மின்சாரத்தை மீட்பதற்காகக் கம்பியை இழுத்துக் கட்டுவார்கள், கட்டத்தான் வேண்டும். எரிந்த கரும்பையும் விட்டுவைக்க முடியாது. நாள் கடந்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் இறங்கிவிடும் என்பதால், சர்க்கரை ஆலையில் கெஞ்சி வெட்டு உத்தரவு (கட்டிங் ஆர்டர்) வாங்கி, முண்டியம்பாக்கத்துக்கோ பெரியசெவலைக்கோ ஏற்றி அனுப்பியாக வேண்டும். ஒரு சான்று மேலே நிமிர்ந்துவிட, மற்றொன்று அரைபட்டுவிடுகிறது. சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. விபத்து நடந்தால் தகவல் தரும் கடமையை 1910 மின்சாரச் சட்டத்தின் 33ஆம் பிரிவும், 2003 சட்டத்தின் 161ஆம் பிரிவும் மனித, விலங்கு உயிரோடும் காயத்தோடும்தான் முடிச்சுப் போட்டன. ஓர் ஆடு செத்தால் தகவல் தருவது கட்டாயம். உயிர்ச்சேதமோ காயமோ இல்லாமல் ஓர் ஏக்கர் எரிந்தால் அந்தக் கட்டாயம் இல்லை.

இனி மறுப்புகள். குடிசைத் தீயில் பல, வீட்டு ஒயரிங்கின் பழுதால் வருபவை என்பார்கள். அது உண்மைதான். அதனால்தான் தீ மீட்டருக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்ற கேள்வியே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 'மின்கசிவு' என்ற சொல் அந்தக் கேள்வியை விழுங்கிவிடுகிறது. கொக்கி போட்டுத் திருடுபவர்களை என்ன செய்வது என்பார்கள். 2002 வழக்கிலும் வாரியம், வேறொருவர் மின்சாரம் திருடியதாகத்தான் வாதாடியது. அதைத் தடுப்பதும் வாரியத்தின் கடமையே என்றது நீதிமன்றம். நட்டத்தில் ஓடும் வாரியத்தின் தலையில் இதையும் கட்டலாமா என்பது மூன்றாவது. கொடுக்காவிட்டால் நட்டம் மறைந்துபோவதில்லை, அரை ஏக்கர்காரரின் தலைக்கு மாறுகிறது. 2018இல் 85 பேரைப் பலிகொண்ட கலிபோர்னியக் காட்டுத்தீக்குப் பின் திவால் மனு கொடுத்த பிஜி அண்ட் இ நிறுவனம்கூட, தீயில் இழந்தோருக்கென 1,350 கோடி டாலர் மதிப்பில் அறக்கட்டளை அமைக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

வலுவான மறுப்பு ஒன்றுதான்: ஏழையால் வழக்காட முடியுமா? உண்மைகள் சர்ச்சைக்குரியவையானால் ரிட் மனு போதாது, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று 1999இல் ஒடிசா மின்கழக வழக்கில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே 2017 வரை தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் ஏழரை விழுக்காடு. 4 லட்ச ரூபாய் கேட்க 30,000 கட்ட வேண்டியிருந்தது. பிறகு 3 விழுக்காடானது. ஆனால் 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைத் தருகிறது. நீதிமன்றக் கட்டணமும் அந்த உதவியில் அடங்கும். அச்சட்டத்தின் 2002 திருத்தம், மின்வழங்கலை நிரந்தர மக்கள் நீதிமன்றத்தின் வரம்பில் சேர்த்தது. விழுப்புரத்தில் மாவட்ட ஆணைக்குழுவும் திண்டிவனத்தில் வட்டக் குழுவும் இந்தச் சட்ட உதவிக்காகவே இருக்கின்றன.

நிவாரணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், வாங்குவதால் உரிமை போய்விடாது. ஆனால் கம்பி நிமிரும் முன் படம் எடுங்கள், தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையையும் காவல் நிலைய ரசீதையும் கேட்டுப் பெறுங்கள், மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு அன்றே எழுதிக் கொடுங்கள். அறிக்கையில் யாராவது 'மின்கசிவு' என்று எழுத வந்தால், எந்தக் கம்பத்து மின்சாரம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.