படத்தின் மூலையில் ஒரு பெயர்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வாசலூர்பட்டிக்கு வந்தால், பருவத்தில் பலா, அன்னாசி, வாழை எல்லாம் கண்ணில் படும். அக்ரிலிக் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டாம். ஒரு பலாவை மேசைமேல் வைத்து, அதை மட்டும் வரைகிற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?

நம் பழைய ஓவியங்களில் பழம் தனியாக இருப்பது அபூர்வம். பிள்ளையார் கையில் இருக்கும், இல்லையென்றால் படையலில் இருக்கும். ஐரோப்பாவில் 1600-ஐ ஒட்டி கரவாஜியோ ஒரு பழக்கூடையை மட்டும் வரைந்தார், ஆப்பிளில் புழு துளைத்த ஓட்டையோடு. இங்கே செடியையும் காயையும் தனியே காகிதத்தில் கொண்டுவந்ததில் கம்பெனிக் காலத்துத் தாவரவியலுக்குப் பெரிய பங்கு உண்டு.

கம்பெனியின் மருத்துவரான ராபர்ட் வைட், 1838 முதல் 1853 வரை சென்னையில் ஆறு தொகுதிகளாக 2,101 தாவரப் படங்களை வெளியிட்டார். அவருக்காக வரைந்த முக்கியமான இருவர் ரங்கையா, கோவிந்து. அந்தப் படங்களில் மேசை கிடையாது, மேசைமேல் விழும் நிழலும் கிடையாது. சூலகத்தில் எத்தனை அறை என்பதுதான் அங்கே கேள்வி. மேசையும் நிழலும் பாடமாக வந்தது ஓவியப் பள்ளிகள் வழியாக. சென்னையில் 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் ஒன்றைத் தொடங்கினார்.

நீரில் கலக்கும் அக்ரிலிக் 1950-களில்தான் ஓவியர்கள் கைக்கு வந்தது. சீக்கிரம் காய்ந்துவிடும். மாம்பழத்தின் மஞ்சள் மெல்லச் சிவப்பாகிற இடத்தில் அது தொல்லைதான். தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கணும். பலாவுக்கோ அதுவே வசதி. அடர்பச்சை அடியைப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் ஒவ்வொரு முள்ளாக வெளிர்நிறத்தில் வைத்துக்கொண்டே போகலாம். அறுத்து வைத்த சுளை நிறம் மாறுவதற்குள் படம் முடிந்துவிடும்.

ரங்கையா, கோவிந்து வாழ்க்கை பற்றி நமக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்தூயா’ என்று ஓவியரின் பெயரையே வைத்தார். பின்னாளில் தாவரவியலாளர்கள் அதை ‘ட்ரோபிடியா’வோடு சேர்த்துவிட்டார்கள். அவர்கள் கணக்குப்படி அது சரிதான். ஆனால் வரைந்தவருக்குக் கிடைத்த அந்த ஒரு மரியாதையும் போயிடுச்சு.

இன்று வாசலூர்பட்டிப் பலாவை வரைகிறவர்கள் தயங்காமல் மூலையில் பெயர் போடுங்கள், முழுப்பெயராக. பக்கத்தில் ஊரும் வருஷமும் இருக்கட்டும்.