கால் வேலி நிலமும் 2,500 ரூபாயும்



குடவோலை என்றாலே உத்திரமேரூரைப் பெருமையாகச் சொல்வோம். முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) அந்தக் கல்வெட்டுகளில் உறுப்பினர் தகுதியும் இருக்கிறது: வயது 35க்கு மேல், 70க்குள், சொந்த மனையில் வீடு, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். வேதம் கற்றவருக்கு அரைக்கால் வேலி போதும் என்று சலுகை வேறு! கூலிக்காரன் பெயர் குடத்துக்குள்ளேயே விழாது.

நிலம் கேட்காவிட்டாலும், சம்பளமில்லாப் பதவி அதே வேலையைத்தான் செய்யும். பிரிட்டனில் 1838-இல் சார்ட்டிஸ்டுகள் வைத்த ஆறு கோரிக்கைகளில் எம்.பி.க்களுக்குச் சம்பளமும் ஒன்று. கிடைத்தது 1911-இல்தான், ஆண்டுக்கு 400 பவுண்டு.

நம் மாநிலத்தில் 2023 ஜூலை முதல் நகர்ப்புறக் கவுன்சிலர்களுக்கு மாத மதிப்பூதியம் வந்தது. கம்பம் நகராட்சி கவுன்சிலருக்கு 5,000 ரூபாய். பண்ணைப்புரம் பேரூராட்சியில் 2,500. நம்ம ராயப்பன்பட்டி ஊராட்சி. அதனால் வார்டு உறுப்பினருக்கு மாதத் தொகை கிடையாது. கூட்டத்துக்கு வந்தால் அமர்வுப்படி மட்டும். மலையேறி குமுளிக்குப் போனால், அங்கே கிராமப் பஞ்சாயத்து உறுப்பினருக்கும் மாதாமாதம் உண்டு.

விடியலில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் பெண் 50 சதவீத ஒதுக்கீட்டில் ஜெயிக்கலாம். தண்ணீர், தெருவிளக்கு என்று அவர் அலையும் நாளெல்லாம் கூலி போகும். அந்த நாள்களுக்கு அமர்வுப்படியும் இல்லை. அவருக்குப் பதில் கணவர் வந்து நிற்பதைக் கேலி பேசுகிறோம். அதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

தொகையை முடிவு செய்வது மாநில அரசு. சட்டமன்றத்துக்கு ஓட்டுக் கேட்டு நம்ம தெருவுக்கு வருகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.