சம்பாரண் ஜில்லாவும் கணக்கெழுதிய வக்கீல்களும்

ஆங்கிலப் பள்ளியிற் கற்ற நமக்கு இந்திய சரித்திரம் என்பது வைசிராய்களின் பெயர் வரிசையாகவே வந்து சேர்ந்தது. ஒரு ஜில்லா எவ்வாறு ஆளப்பட்டது, வரியை யார் கேட்டார், யார் கொடுத்தார், அந்தக் கணக்கை யார் எழுதினார் என்பவற்றை எந்த ஆசிரியரும் நமக்குச் சொன்னதில்லை. தோட்டத்துக் கிராணியாகி, செக்ரோலும் சம்பளப் புத்தகமும் கையிலேந்திய பின்னரே அந்தக் கடைசிக் கேள்வி நமக்குப் பெரிதாகத் தோன்றிற்று. அதற்கு விடை தேடுவோர் பீகாரிலுள்ள சம்பாரணின் கதையைப் படித்தல் நன்று.

வடக்கே நேப்பாளத்தின் அடிவாரக் காடு. மேற்கே கண்டகி ஆறு. லௌரியா என்னும் ஊரில் அசோக மன்னனின் கற்றூண் இன்றும் நிற்கின்றது. மக்கள் போஜ்புரி பேசும் குடியானவர். காட்டோரத்தில் தாரு என்னும் பழங்குடியினர். மோதிஹாரி தலைநகரம், பேட்டியா உட்பிரிவு. 1970-களின் தொடக்கத்தில் இது கிழக்கு, மேற்கு என இரண்டு ஜில்லாக்களாயிற்று. நாம் கூறப்புகுவது பிரியாத பழைய ஜில்லாவைப் பற்றி.

காகிதத்தின்படி ஜில்லாவை ஆண்டவர் கலெக்டர். குடியானவனுக்கோ கலெக்டர் என்பவர் மோதிஹாரியில் வீற்றிருக்கும் ஒரு பெயர் மட்டுமே. 1793-ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்தால் ஜில்லாவின் பெரும்பகுதி பேட்டியா ஜமீனுக்குரியதாயிற்று. ஜமீன் கடனில் மூழ்கிற்று. 1880-களில் இங்கிலாந்திலே கடன் வாங்கியபோது, அதற்கு ஈடாகப் பல கிராமங்கள் ஐரோப்பியத் தோட்டக்காரர்களுக்கு நிரந்தரக் குத்தகையாயின. கடைசி மகாராஜா 1893-இல் மகப்பேறின்றி மாண்டார். 1897-இல் ஜமீன் சர்க்காரின் மேற்பார்வைக்குப் போயிற்று. ஆகவே மேலே சர்க்கார், நடுவே ஜமீன், கீழே குத்தகைதாரத் துரை. இந்த மூவரில் குடியானவன் வாசலுக்கு வந்தவர் துரை ஒருவரே. துரை என்றால் என்னவென்று தோட்டத்தில் வாழும் வாசகர்க்கு நாம் விளக்கவேண்டுவதில்லை.

துரை கேட்டது அவுரி. ஒரு பீகா நிலத்துக்கு இருபது கட்டா. அதில் மூன்று கட்டாவில் அவுரியே பயிரிடவேண்டும். இதற்குத் தீன்கட்டியா என்று பெயர். முன்னர் ஐந்து கட்டாவாக இருந்தது. குடியானவரின் கலகத்துக்குப் பிறகு, 1860-களின் இறுதியில் மூன்றாகக் குறைந்தது. எந்த மூன்று கட்டா என்பதைத் தேர்ந்தெடுப்பவர் துரையின் ஆட்கள்; வயலில் எது கொழுத்ததோ அதுவே அவுரிக்குப் போகும்.

இதன்மேல் பற்பல காணிக்கைகள். தண்ணீரே பாயாத வயலுக்குத் தண்ணீர்க் காசு. தகப்பன் இறந்து மகன் நிலத்துக்கு வந்தால் அதற்கு ஒரு காசு. துரை குதிரை வாங்கினாலும், யானை வாங்கினாலும், பிற்காலத்தில் மோட்டார் வாங்கினாலும் குடிகள் பணங் கட்டவேண்டும். எல்லாவற்றினும் நம்மைச் சுட்டது ஒன்று: கட்டிய வரிக்கு ரசீது எழுதுவதற்கும் தனிக் காசு! அந்த ரசீதை எழுதியவன் வெள்ளைக்காரனல்லன். நம்மைப்போல் எழுத்தறிந்து, நம்மைப்போல் மாதச் சம்பளத்துக்கு அமர்ந்த ஓர் இந்தியக் குமாஸ்தா.

நிற்க. 1897-இல் ஜெர்மனியின் இரசாயனச் சாலையிற் பிறந்த செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அவுரியின் விலை சரிந்தது. துரைமார் தம் நட்டத்தைக் குடியானவன் தலையிலே இறக்கினர். “இனி அவுரி பயிரிடவேண்டாம், விடுதலைக்கு ஈடாக வாரத்தை உயர்த்திக் கையெழுத்திடு,” என்றனர் சிலர். அவ்வுயர்வுக்கு ஷரஹ்பேஷி என்று பெயர். வேறு சிலர் மொத்தத் தொகையாகத் தாவான் வாங்கினர். எல்லாம் முத்திரைத் தாளில், பதிவு செய்யப்பட்ட பத்திரமாகவே நடந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவன் பெருவிரலைப் பதித்தான். தடியை ஓங்கியவன் கைக்கு விலங்கிடச் சட்டம் உண்டு. பத்திரம் எழுதியவனை யார் பிடிப்பது?

எழுத்தால் வந்த தீங்கை எழுத்தாலேயே எதிர்க்க முதலில் முனைந்தவருள் ஒருவர் பீர் முகம்மது மூனிஸ் என்னும் பேட்டியா நகரத்தார். கான்பூரிலிருந்து வெளிவந்த ‘பிரதாப்’ பத்திரிகைக்குச் சம்பாரணின் செய்திகளை எழுதிவந்தார். ராஜ்குமார் சுக்லா என்னும் குடியானவரோ 1916 டிசம்பரில் லக்னோ காங்கிரசுக்குப் போய்க் காந்தியாரைக் கண்டு, அவர் சென்ற ஊர்களுக்கெல்லாம் பின்தொடர்ந்து அலுக்காமல் அழைத்தார்.

1917 ஏப்ரல் 15-இல் காந்தியார் மோதிஹாரி சேர்ந்தார். மறுநாள் யானைமீதேறி ஒரு கிராமத்துக்குப் புறப்பட்டவரை வழிமறித்து, ஜில்லாவை விட்டு வெளியேறும்படி உத்தரவு கொடுக்கப்பட்டது. 18-ஆந் தேதி நீதிமன்றத்தில் உத்தரவை மீறியதாக அவரே ஒப்புக்கொண்டார். மாஜிஸ்திரேட் தீர்ப்பை ஒத்திவைத்தார். வழக்கு திரும்பப் பெறப்பட்டது. இவை யாவரும் அறிந்தவை. நாம் சொல்ல விழைந்தது இதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்ததை.

பிரஜ்கிஷோர் பிரசாத் முதலிய வக்கீல்கள் உதவ முன்வந்தபோது, அவர்களுடைய சட்ட ஞானம் தமக்கு அதிகம் வேண்டியதில்லை என்று காந்தியார் கூறிவிட்டார். அவர் வேண்டியது குமாஸ்தா வேலையும் மொழிபெயர்ப்பும். கைதி எழுத்திலும் உருதுவிலும் இருந்த காகிதங்களை அவரால் படிக்க இயலவில்லை. பெரும்பொருள் வாங்கிப் பழகிய வக்கீல்கள் கூலியின்றிக் கிராணிகளாயினர். 1950-இல் இந்தியாவின் முதற் குடியரசுத் தலைவரான ராஜேந்திர பிரசாத்தும் அக்கூட்டத்தில் ஒருவர். ஆளுக்கொரு சமையற்காரனும் தனித்தனி அடுப்புமாக வந்து சேர்ந்தவர்கள் ஒரே சமையலறைக்கு வந்ததும் அங்கேதான். வரிக் கொடுமையைக் கேட்க வந்தவர்க்கே அடுப்பைப் பொதுவாக்க ஒருவர் சொல்லவேண்டியிருந்தது!

காலை முதல் மாலை வரை குடியானவர் வந்த வண்ணமிருந்தனர். ஒவ்வொருவரையும் குறுக்கு விசாரணை செய்து, கேள்விக்கு நில்லாததை நீக்கியே எழுதினர். இரகசியப் போலீசார் அருகிலிருந்து கேட்க இடங்கொடுத்தனர். ஆயிரக்கணக்கான வாக்குமூலங்கள் சேர்ந்தன. 1917 ஜூனில் சர்க்கார் அமைத்த விசாரணைக் குழுவில் காந்தியாரும் உறுப்பினரானார். 1918-இல் சம்பாரண் விவசாயச் சட்டம் வந்தது. தீன்கட்டியா ஒழிந்தது, உயர்த்திய வாரம் 20 முதல் 26 விழுக்காடு வரை குறைந்தது. தாவானாக வாங்கியதில் கால் பங்கைத் திருப்பித் தரவேண்டுமென்று குழு பரிந்துரைத்தது.

கால் பங்குதானா என்று கேட்போர் உண்டு, நாமும் கேட்டதுண்டு. அதனினும் நம்மை உறுத்துவது வேறு. அச்சட்டம் நிலக் குடிகளைப் பற்றியது. நிலமே இல்லாமல் பிறர் வயலிற் கூலிக்குக் குனிந்த தாழ்த்தப்பட்டோர்க்குக் குறைக்க வாரமுமில்லை, திருப்பித் தரத் தாவானுமில்லை. அவர்கள் கூலியை உயர்த்த அதில் ஒரு வரியும் எழுதப்படவில்லை.

அன்று வக்கீல்கள் எழுதிய வாக்குமூலங்கள் காப்பகத்திற் காக்கப்பட்டு, அண்மைக் காலத்தில் நூலாகவும் வெளிவந்துள்ளன. துரையின் பத்திரத்தில் விழுந்த அதே பெருவிரல்களின் ரேகை அவற்றின் அடியிலும் விழுந்திருக்கின்றது.