டிரைவர் இல்லாமல் ரோடு போடும் வண்டிகள்: இந்தியாவில் எதுவரை வந்திருக்கிறது?

மார்த்தாண்டம் மேம்பாலத்தில் 2024 மே மாதம் ஓட்டை விழுந்து, போக்குவரத்து நிறுத்தப்பட்டது நினைவிருக்கிறதா? பம்மம் முதல் வெட்டுமணி வரை சுமார் இரண்டரை கிலோமீட்டர் நீளும் இந்த இரும்புப் பாலம், பயன்பாட்டுக்கு வந்து ஆறு ஆண்டுகூட ஆகவில்லை. 'முன்னாடியே கண்டுபிடிக்க முடியாதா?' என்று அப்போது பலரும் கேட்டார்கள். ரோடு போடவும் பராமரிக்கவும் தானியங்கி இயந்திரங்களை அரசுகள் கொண்டுவரும் இந்த நேரத்தில், அந்தக் கேள்விக்கு என்ன பதில்?

டிரைவர் இல்லாத கார் வேண்டாம்... அப்போ ரோலர்?

டிரைவர் இல்லாத கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும், மீண்டும் 2023-லும் சொன்னார். ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பதே அவர் சொன்ன காரணம்.

ஆனால், அதே துறையின் கீழ் ரோடு போடும் இயந்திரங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தானியங்கியாகி வருகின்றன. சுமார் 63 கி.மீ. நீள லக்னோ - கான்பூர் விரைவுச்சாலையில் இது முன்னோடித் திட்டமாகக் கையாளப்பட்டது.

எப்படி வேலை செய்கிறது?

வழக்கமாக, சாலை ஓரம் கம்பி நட்டு, நூல் கட்டித்தான் மட்டம் பார்ப்பார்கள். புதிய முறையில் சாலையின் முப்பரிமாண வரைபடம் இயந்திரத்தின் கணினியிலேயே ஏற்றப்படும்.

* கிரேடர்: ஜிபிஎஸ் உதவியுடன் தன் பிளேடை எவ்வளவு ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும் என்று தானே சரிசெய்யும்.
* ரோலர்: மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை ஓடும்போதே அளக்கும். பழைய முறையில் சில இடங்களில் மட்டும் தோண்டிப் பரிசோதிப்பார்கள். மற்ற இடங்கள் நம்பிக்கைதான்.
* பேவர்: நூல் இல்லாமலேயே சரியான கனத்தில் கலவையைப் பரப்பும்.

மூன்றிலும் இருக்கையில் ஆபரேட்டர் இருக்கிறார். அதனால் இதை 'ஆளில்லா வண்டி' என்று சொல்ல முடியாது. ஆளின் கைக்கணக்கை இயந்திரம் ஏற்றுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையிலேயே ஆள் இல்லாமல் ஓடுவது எங்கே?

நெடுஞ்சாலையில் கோடு போடும்போதும் குழி அடைக்கும்போதும், தொழிலாளர்களுக்குப் பின்னால் ஒரு லாரி நிற்கும். வேகமாக வரும் வாகனம் கட்டுப்பாடு இழந்தால் அந்த லாரியில்தான் மோத வேண்டும். மோதலைத் தாங்கும் அமைப்பு அதன் பின்புறம் இருக்கும். ஆனால் உள்ளே ஒரு டிரைவர் உட்கார்ந்திருப்பாரே?

இந்த லாரியைத்தான் அமெரிக்காவின் கொலராடோ மாநில அரசு 2017-ல் டிரைவர் இல்லாமல் இயக்கியது. முன்னால் போகும் வண்டியின் பாதையையும் வேகத்தையும் அது அப்படியே பின்தொடரும். இங்கே தானியங்கி வண்டி காப்பாற்றுவது ஒரு மனித உயிரை. வேலை போகும் என்ற கவலையோடு இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பராமரிப்புக்கு என்ன வருகிறது?

23 மாநிலங்களில் 20,933 கி.மீ. சாலையை நெட்வொர்க் சர்வே வாகனங்கள் மூலம் ஆய்வு செய்வதாகத் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2025-ல் அறிவித்தது. இந்த வண்டியை டிரைவர்தான் ஓட்டுவார். லேசரும் கேமராக்களும் விரிசல், குழி, டயர் தடப் பள்ளம் ஆகியவற்றைத் தாமாகவே பதிவு செய்யும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பவும் அளப்பார்கள்.

மார்த்தாண்டம் ஓட்டையைக் கண்டுபிடித்திருக்குமா?

மேற்பரப்பில் விரிசல் தெரிந்திருந்தால், கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பாலத்தளத்தின் அடிப்பக்கத்தையும் இணைப்புகளையும் மேலே ஓடும் வண்டியால் பார்க்க முடியாது. அதற்குக் கீழே இறங்கும் மேடையுடன் கூடிய பால ஆய்வு வாகனமும், அதில் ஏறிப் பார்க்கும் பொறியாளரும் வேண்டும்.

அதைவிட முக்கியமான விஷயம், இயந்திரம் 'இங்கே விரிசல்' என்று சொன்ன பிறகு என்ன நடக்கிறது என்பது. பழுது தெரிந்த நாளும் சரிசெய்த நாளும் பொதுமக்கள் பார்க்கும்படி இருந்தால்தான், இந்த வண்டிகளால் ரோட்டில் போகிறவர்களுக்குப் பலன்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது

தேசிய நெடுஞ்சாலையில் பழுதைப் பார்த்தால் 1033 என்ற எண்ணில் சொல்லலாம். 'ராஜ்மார்க்யாத்ரா' செயலியில் படத்துடன் புகார் செய்யலாம். மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலைகளுக்குத் தமிழ்நாடு அரசின் 'நம்ம சாலை' செயலி இருக்கிறது. படம் எடுக்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எடுங்கள்.