கருத்துநிலை: ஒரு சொல்லின் சரித்திரம்

‘இது வெறும் ஐடியோலொஜி’ என்று கூறிவிட்டு, வாதம் முடிந்ததென எண்ணும் வழக்கம் படித்தோரிடையே உண்டு. நாம் கருத்துநிலை என்றும், தமிழகத்தார் கருத்தியல் என்றும் வழங்கும் இச்சொல் வசையாகப் பிறந்ததன்று. அது வசையாக்கப்பட்ட வரலாறு ஆசிரியரும் மாணவரும் அறியத்தக்கது.

சொல்லின் தாயகம் பிரான்சு. பயங்கர ஆட்சியின்போது 1793 இல் சிறைப்பட்டு, மறு ஆண்டு விடுதலையான டெஸ்தூத் த திராசி என்பவர், 1796 இல் பாரிசின் தேசிய அறிஞர் கழகத்தில் இதனை முதன்முதலாக வழங்கினார். கருத்துக்கள் வானிலிருந்து இறங்குவனவல்ல, புலனனுபவத்தில் தோன்றுவன, ஆதலின் அவற்றையும் விஞ்ஞானமுறையில் ஆராயலாம் என்பதே அவர் கொள்கை. 1801 இல் அவர் வெளியிட்ட நூல், புரட்சிக்காலத்தில் நிறுவப்பட்ட மத்திய பாடசாலைகளுக்கென எழுதப்பட்டது. வகுப்பறைக்குரிய சொல்லாகவே இது வளர்ந்தது.

இவ்வறிஞர் குழுவின் ஆதரவு 1799 இல் ஆட்சியைக் கைப்பற்றிய நெப்போலியனுக்குப் பயன்பட்டது. ஆட்சி உறுதியானதும் அவர்களுடைய ஆராய்ச்சி அவனுக்கு இடையூறாயிற்று. 1802 இல் மத்திய பாடசாலைகள் ஒழிக்கப்பட்டன. 1803 இல் கழகத்தின் அறவியல், அரசியற் பிரிவு கலைக்கப்பட்டது. ருஷ்யாவில் தோற்றுத் திரும்பிய அவன், 1812 டிசெம்பரில், பிரான்சின் துன்பங்கள் அனைத்துக்கும் ‘ஐடியோலொஜி’யே காரணமென்றான். படையை அழிவுக்கு இட்டுச்சென்றவன் பழியைச் சிந்தித்தோர்மேற் சுமத்தினான்!

மார்க்சும் ஏங்கெல்சும் 1845-46 இல் ‘ஜெர்மன் கருத்துநிலை’யை எழுதியபோது சொல் புதிய ஆழம் பெற்றது. வாழ்நிலையே கருத்தை உருவாக்க, கருத்தே உலகை இயக்குவதாகத் தோன்றும் தலைகீழ்க் காட்சியை அவர்கள் அம்பலப்படுத்தினர். ஒரு வர்க்கத்தின் நலன் அனைவரது நலனாக வேடம் புனைவதையும் விளக்கினர். அந்நூல் முழுமையாக அச்சேறியது 1932 இலேயே. இதற்கிடையில், 1902 இல், லெனின் சோஷலிசக் கருத்துநிலை பற்றிப் பேசினார். பொய்த்தோற்றம் என்ற பொருளோடு, ஒரு வர்க்கத்தின் உலகநோக்கு என்ற பொருளும் நிலைபெற்றது.

ஆகவே, ‘எனக்குக் கருத்துநிலை எதுவுமில்லை, உண்மைகளையே கூறுகிறேன்’ என்பாரையும் நாம் ஆராயவேண்டும். தேயிலை ஏற்றுமதியின் பெறுமதியைத் துல்லியமாகக் கூறி, கொழுந்து பறித்தவளின் கூலியைக் கூறாதுவிடும் பாடம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதிற் பொய்யான வரி ஒன்றும் இராது. எனினும் அது ஒரு பக்கம் சார்ந்தே நிற்கும். அப்பக்கம் எதுவெனக் கேட்க மாணவரைப் பழக்குவதே எமது கடன்.