ஏட்டுச்சுவடியும் கோப்பு முறைமையும்

1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. பிறிதோரிடத்தே படி இருந்தவை மீளப் பெறத்தக்கனவாயின. தனிப்படியாக இருந்தவை மீளவில்லை. 2005இல் நூலகம் மின்னூலக முயற்சி தொடங்கியமைக்குப் பின், ஈழத்து நூல்கள் பல மின்வடிவம் பெற்றுள்ளன. இத்தகைய பெருஞ்சேமிப்புகளை எம்முறையிற் காப்பது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

லினக்ஸ் இயங்குதளத்தில் 2007ஆம் ஆண்டு கே.வி.எம். இணைக்கப்பட்டபின், ஒரு கணினியினுள் பல மெய்நிகர் கணினிகளை இயக்குதல் எளிதாயிற்று. மெய்நிகர் கணினியொன்றின் வன்தட்டு முழுவதும் பெரும்பாலும் ஒரே பெருங்கோப்பாக அமைகின்றது. பல்லாயிரம் பக்கங்கள் அவ்வொன்றினுள் அடங்குதலின், அக்கோப்புப் பழுதுறின் ஒரு நூலகமே பழுதுறும்.

பெருங்கோப்பைத் தாங்கும் ஆற்றலே முதலில் வேண்டப்பட்டது. சிலிக்கன் கிறபிக்ஸ் நிறுவனம் 1993இல் உருவாக்கத் தொடங்கிய எக்ஸ்.எப்.எஸ். முறைமையும், 2008இல் நிலைபெற்ற எக்ஸ்ட்4 முறைமையும், கோப்பின் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே குறியாது தொடர்ந்த பரப்புகளாகக் குறித்துக்கொள்வன, ஆதலின் விரைவுடையன. மாற்றங்களை முன்னரே குறிப்பேட்டில் எழுதுதலின், மின்தடைக்குப் பின்னும் அமைப்புக் குலையாது. எனினும், எழுதிய எழுத்துப் பின்னர் தட்டிலே திரிந்ததா என்பதை இவை ஆராய்வதில்லை.

அக்குறையை நீக்க எழுந்தவை, சண் நிறுவனம் 2005இல் மூலநிரலை வெளியிட்ட இசட்.எப்.எஸ்., 2009இல் லினக்ஸில் இணைந்த பி.டி.ஆர்.எப்.எஸ். என்பன. இவை ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்புத் தொகை வைத்துப் படிக்குந்தோறும் ஒப்பிடுகின்றன. இரட்டைப்படி இருப்பின் திரிந்ததை நீக்கி மெய்ப்படியைத் தருகின்றன. ஆயின், பழைய துண்டின்மேல் எழுதாது புதிய இடத்தில் எழுதுதலின், இடையறாது மாறும் மெய்நிகர்த் தட்டுகள் சிதறுண்டு வேகங் குன்றும். பி.டி.ஆர்.எப்.எஸ். முறைமையில் அவ்வியல்பை நிறுத்தின், அக்கோப்புக்குரிய சரிபார்ப்பும் உடன் நின்றுவிடும். விரைவுக்கு விலையாகக் கொடுக்கப்படுவது மெய்ம்மையே.

சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். பல சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடந் தெளிதல் அக்காலப் பதிப்பாசிரியர் கொண்ட நெறி. ஒற்றைச் சுவடியாயின் பிழையை ஐயுறலாம். துணிந்து திருத்தல் அரிது. இன்றைய முறைமையும் அவ்வாறே: சரிபார்ப்புத் தொகை பிழையைக் காட்டும், திருத்துதற்கு இன்னொரு படி வேண்டும்.

எனவே, அடிக்கடி மாறும் இயங்குதளத் தட்டுக்கு எக்ஸ்.எப்.எஸ். அல்லது எக்ஸ்ட்4 பொருந்தும். மாறாது நிற்கவேண்டிய ஆவணங்களை மெய்நிகர்த் தட்டினுள் அடைக்காது, சரிபார்க்கும் முறைமையில் தனியே வைத்தல் தகும். எம்முறைமையும் தீயைத் தடுக்கமாட்டாது. ஒரே கட்டடத்தில் இருக்கும் இரண்டு படிகள் தீயின்முன் ஒரு படியே. மற்றொரு படி மற்றோர் ஊரில் இருத்தல் வேண்டுமென்பதே 1981 நமக்கு உணர்த்திய பாடமாகும்.